பிரசங்க பீடத்தில் வேட்பாளர் பெயர் வேண்டாம்: நம் சபை மூப்பர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டாலஸ் வட்டாரத்தில் உள்ள நம் தமிழ்ச் சபையின் மூப்பர் குழுவினருக்கு,

நவம்பர் தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு ஆராதனையில், யார் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று போதகர் பீடத்தில் நின்றே அறிவிப்பார் என முடிவு செய்திருக்கிறீர்கள். பொதுக்கூட்டம் கூட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது, அவ்வளவுதான். அதன் கீழே நான் கேட்ட கேள்வியும் சற்று நேரத்தில் நீக்கப்பட்டது. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றத் தமிழ்ச் சபைகளும் படிக்கட்டும்.

நான் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன் என்பது இந்த மடலில் வராது. நீங்கள் சொல்லப்போவது எனக்குப் பிடித்த பெயராகவே இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். இங்கே குடியுரிமை பெற்றவள், வரி கட்டுகிறவள், ஞாயிறு பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் பேசுகிறேன்.

சுற்றறிக்கையில் நீங்கள் காட்டும் ஒரே காரணம், "ஐ.ஆர்.எஸ். அனுமதித்துவிட்டது" என்பது, அதாவது அமெரிக்க வரித்துறை. நடந்தது அவ்வளவு சுலபமான கதையல்ல. 1954-இல் நம் டெக்சஸ் செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம், வரிவிலக்கு பெறும் அறநிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது என்கிறது. இதை எதிர்த்துக் கிழக்கு டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மத ஒலிபரப்பாளர் சங்கமும் இரண்டு சபைகளும் தொடுத்த வழக்கில், 2025 ஜூலையில் ஐ.ஆர்.எஸ். இறங்கி வந்தது. ஆராதனையோடு சேர்ந்து, வழக்கமான வழியில், ஒரு சபை தன் விசுவாசிகளிடம் தேர்தலைப் பற்றிப் பேசினால் அது குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது மாதிரிதான் என்று கூட்டு மனுவில் எழுதிக்கொடுத்தது. அந்த மனு வழக்குப் போட்டவர்களைப் பற்றியது. 1954 சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நீக்கவில்லை. நம் ஆராதனையோ யூடியூபில் நேரலையாகப் போகிறது. நாகர்கோவிலிலும் நியூஜெர்சியிலும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இது எந்தக் குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சு?

வரிவிலக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காணிக்கைப் பணம். நம் சபையில் பாதிக்கு மேல் ஹெச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான ஹெச்-4, மாணவர் விசா. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள், நகராட்சித் தேர்தல் உட்பட எந்த அமெரிக்கத் தேர்தலிலும் வேட்பாளருக்காகப் பணம் கொடுக்கவோ செலவழிக்கவோ கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். நியூயார்க்கில் தற்காலிக விசாவில் இருந்த ஒரு வக்கீலும் ஒரு டாக்டரும் இதை எதிர்த்து வழக்காடித் தோற்றார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதி செய்தது. மாதம் தவறாமல் தசமபாகம் கொடுக்கும் தம்பி தங்கைகளின் பணத்தில் ஒரு வேட்பாளருக்காக அட்டை அச்சடித்தால் அதற்கு என்ன பெயர் என்று தேர்தல் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்டீர்களா? நான் வக்கீல் இல்லை. ஆனால் கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறவனுக்கு ஒரு விசாரணைக் கடிதம் வந்தால் வீடே தூங்காது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அந்த அட்டைக்கு வருகிறேன். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் ப்ரைமரிக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முறைமைத் தாளுக்குள் அது செருகப்பட்டிருந்தது. அன்று அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு. வழவழப்பான அட்டையில் ஒரே கட்சிக்குள் போட்டியிட்ட இரண்டு பேரின் படம். ஒருவர் வண்ணத்தில், பின்னால் கொடி பறக்கச் சிரிக்கிறார். மற்றவர் சாம்பல் நிறத்தில், கண்ணைப் பாதி மூடிய நேரமாகப் பார்த்து எடுத்த படம். கீழே ஆறு தலைப்புகள், ஒரு பக்கம் முழுக்கப் பச்சை டிக், மறுபக்கம் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி. "வேதாகம மதிப்பீடுகள்" என்ற அந்தப் பட்டியலில் சொத்துவரிக் குறைப்பும் இருந்தது. அது எந்த அதிகாரத்தில் வருகிறது என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த அட்டை நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1988-இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று தோற்ற தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன், அடுத்த வருஷம் கிறிஸ்டியன் கோஅலிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1990கள் முழுக்க, தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மாதிரி அட்டைகளைச் சபை சபையாகக் கோடிக்கணக்கில் விநியோகித்தது அந்த அமைப்புதான். பக்கச் சார்பில்லாத "தகவல்" என்ற பெயர், ஒரே பார்வையில் தெரிகிற சார்பு என்ற அந்த வடிவம் அப்படியே நம் கைக்கு வந்திருக்கிறது.

"சபை அரசியலை மாற்றும்" என்று சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். இந்த நாட்டின் ஐம்பது அறுபது வருஷக் கதையைப் பார்த்தால், கட்சியோடு கை கோத்த சபைகள் கட்சியை மாற்றியதைவிடக் கட்சி அவற்றை மாற்றியதே அதிகம். தூரம் போக வேண்டாம், டாலஸிலேயே பார்க்கலாம். இங்கே ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையின் போதகராக நெடுங்காலம் இருந்தவர் டபிள்யூ.ஏ. கிரிஸ்வெல். 1960-இல் கத்தோலிக்கரான கென்னடி ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது, சபையும் அரசும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதைக் காரணம் காட்டி அவரை எதிர்த்துப் பிரசங்கித்தார். அதே வருஷம் செப்டம்பரில் கென்னடி ஹூஸ்டன் போதகர்கள் முன்னால் போய் நின்று, எந்தப் புராட்டஸ்டண்ட் போதகரும் தன் சபையாருக்கு யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சொல்லாத அமெரிக்காவையே தான் நம்புவதாகச் சொன்னார். இருபத்துநான்கு வருஷம் கழித்துக் குடியரசுக் கட்சி மாநாடு டாலஸில் நடந்தபோது, அதே கிரிஸ்வெல், சபை-அரசு பிரிவினை என்பதே ஏதோ ஓர் அவிசுவாசியின் கற்பனை என்று தொலைக்காட்சியில் சொன்னார். இடையில் வேதாகமம் மாறவில்லை. அவர் பக்கத்து ஆள் பதவியில் இருந்தார்.

வர்ஜீனியா போதகர் ஜெர்ரி ஃபால்வெல் கதையும் இதுதான். கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மா ஊர்வலம் நடந்த 1965 மார்ச்சில், போதகர்கள் அரசியல்வாதிகளாக அழைக்கப்படவில்லை, ஆத்தும ஆதாயம் செய்யவே அழைக்கப்பட்டார்கள் என்று பிரசங்கித்தவர் அவர். கறுப்பினப் போதகர்கள் தெருவில் இறங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1979-இல், பழமைவாதக் கிறிஸ்தவர்களை அரசியலுக்குத் திரட்டிய மாரல் மெஜாரிட்டி இயக்கத்தைத் தொடங்கியவரும் அவரே. நடுவில் என்ன நடந்தது? கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973 ரோ தீர்ப்புதான் அவர்களை எழுப்பியது என்று நம் சபையில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு இரண்டு வருஷம் முன்பு, 1971-இல், நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடே சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. தாயின் மனநலமும் அந்தச் சூழ்நிலைகளில் ஒன்று. தீர்ப்பு வந்தபின் 1974-இல் அதை உறுதியும் செய்தது. போதகர்களை முதலில் சூடாக்கியது வேறு. இன ஒதுக்கல் செய்யும் தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1970களில் நீதிமன்றமும் ஐ.ஆர்.எஸ்.ஸும் கறாராக நின்றன. தென் கரோலினாவில் உள்ள கிறிஸ்தவப் பல்கலைக்கழகமான பாப் ஜோன்ஸ் விலக்கை இழந்தது, 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் 8-க்கு 1 என்று தோற்றது. இந்தக் கோபத்தைத் திரட்டித்தான் பால் வெய்ரிச் போன்ற வலதுசாரி அமைப்பாளர்கள் போதகர்களைக் கட்சி வேலைக்கு இழுத்தார்கள். கருக்கலைப்பு பிறகுதான் முன்வரிசைக்கு வந்தது. கருக்கலைப்பைப் பற்றி எனக்கும் மனபாரம் உண்டு. அதனால்தான் அது எப்படி ஒரு தேர்தல் கருவியானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறேன்.

1980 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக ரொனால்ட் ரீகன் வந்ததும் நம் டாலஸுக்குத்தான். ரியூனியன் அரங்கில் பெரும்பாலும் போதகர்களும் விசுவாசிகளுமாக நிறைந்த கூட்டம். "நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன்" என்றார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அதே மேடையில்தான் அப்போதைய சதர்ன் பாப்டிஸ்ட் தலைவர் பெய்லி ஸ்மித், யூதனுடைய ஜெபத்தைச் சர்வவல்லவர் கேட்பதில்லை என்று பேசினார். எதிரே நின்ற வேட்பாளர் யார்? ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த, தன்னை மறுபடியும் பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சொன்ன பாப்டிஸ்ட், ஜிம்மி கார்ட்டர். விவாகரத்தாகி மறுமணம் செய்த நடிகருக்காகச் சபைகள் அவரைக் கைவிட்டன. ரீகன் மேல் எனக்குக் குற்றச்சாட்டு இல்லை. விசுவாசம்தான் அளவுகோல் என்று சொன்னவர்கள், அளக்கும் நேரத்தில் வேறு கோலை எடுத்தார்கள் என்கிறேன்.

அந்தக் கோல் இன்னும் எவ்வளவு நெளியும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 1998-இல், ஜனாதிபதி கிளிண்டனின் பாலியல் விவகாரத்தின்போது, பொதுப் பதவியில் இருப்பவரின் தனிப்பட்ட ஒழுக்கம் முக்கியம் என்று சதர்ன் பாப்டிஸ்டுகள் தீர்மானம் போட்டார்கள். சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொது வாழ்க்கையில் நேர்மையாக இருக்க முடியுமா என்று 2011-இல் பி.ஆர்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் கேட்டபோது, மறுபிறப்பை வலியுறுத்தும் புராட்டஸ்டண்டுகளான வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் 30% பேர்தான் முடியும் என்றார்கள். 2016-இல் அதே கேள்விக்கு 72%. ஐந்து வருஷத்தில் எந்தப் பிரசங்கம் இதைச் செய்தது? எதுவுமில்லை. வேட்பாளர் மாறினார். அந்நியனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது மத்தேயு 25. 2018-இல் பியூ ஆய்வு நிறுவனம் கேட்டபோது, அகதிகளை ஏற்கும் பொறுப்பு அமெரிக்காவுக்கு இல்லை என்று இவர்களில் 68% பேர் சொன்னார்கள். நம் சபையில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம் மூன்றாவது வரிசையில் உட்காருகிறது.

ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. 2022 ஜூனில் ரோ தீர்ப்பு ரத்தானது. நாற்பது வருஷ உழைப்புக்குப் பலன்தான். ஆனால் இரண்டே வருஷத்தில், ஓட்டுக் குறையும் என்று கணக்குப் போட்ட அதே குடியரசுக் கட்சி 2024 கொள்கை அறிக்கையில் நாடு தழுவிய தடையைக் கைவிட்டு, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியது. ஆதரித்த போதகர்கள் பெரும்பாலும் விழுங்கிக்கொண்டார்கள். பேரம் பேச அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை, ஓட்டை முன்கூட்டியே கொடுத்தாயிற்று.

"அப்படியானால் மார்ட்டின் லூதர் கிங்?" என்று போதகர் என்னிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. இன ஒதுக்கலை எதிர்த்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு ஒரு சபைக் கட்டடத்தில் உருவேறியது. 1957-இல் கிங் தலைமையில் அமைந்த இயக்கம் போதகர்களின் இயக்கம்தான். சபை அரசியலே பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அநியாயத்தைப் பார்த்து வாயை மூடும் சபை எதற்கு? ஆனால் கிங் இரு கட்சிகளுக்கும் மனசாட்சியாக இருக்க விரும்பினார், எதற்கும் எஜமானாகவோ வேலைக்காரனாகவோ இருக்க விரும்பவில்லை. அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜான்சனை நெருக்கி 1965-இல் வாக்குரிமைச் சட்டத்தை வாங்கியவர், 1967 ஏப்ரலில் நியூயார்க் ரிவர்சைடு சபையில் நின்று அதே ஜான்சனின் வியட்நாம் போரைக் கண்டித்தார். நண்பர்கள் பலர் விலகினார்கள், பத்திரிகைகள் திட்டின. ஆனாலும் பேச முடிந்தது. அந்த 1965-இல்தான், அதே சமத்துவ அலையில், குடியேற்றச் சட்டமும் திருத்தப்பட்டது. உங்களில் மூத்தவர்கள் இந்த நாட்டுக்கு வந்த வாசல் அது. அதைத் திறந்த சபைகள் கையில் டிக் போட்ட அட்டை வைத்திருக்கவில்லை, கோரிக்கை வைத்திருந்தன.

நம்மால் அப்படிப் பேச முடிகிறதா? 2025 ஜனவரியில், சபைகளுக்குள் குடியேற்ற அதிகாரிகள் நுழைவதற்கு இருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டது. நாம் வாடகைக்கு இருக்கும் அதே கட்டடத்தில் மதியம் ஆராதிக்கும் ஸ்பானிஷ் சபையில் அதன் பிறகு பாதி நாற்காலி காலி. அவர்களோடு சேர்ந்து ஒரு ஜெபம்கூட நாம் வைக்கவில்லை. செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த வாரம், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அழுதார்கள். "சூழ்நிலைகளை மாற்றும் ஆண்டவரே" என்று ஜெபித்தோம். சூழ்நிலையை உண்டாக்கியவர் யார் என்று ஜெபத்தில்கூட யாரும் சொல்லவில்லை. அட்டை கொடுப்பதற்கு முன்பே இந்த நிலைமை. பீடத்திலிருந்து பெயர் சொன்ன பிறகு, அந்த நபர் நம் பிள்ளைகளைப் பாதிக்கும் சட்டத்துக்குக் கை தூக்கினால் போதகர் என்ன பேசுவார்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நாம் எவ்வளவு பதறினோம். பெரும்பான்மை மதமும் ஆட்சியும் ஒன்றாகக் கலந்தால் சிறுபான்மைக்கு என்ன ஆகும் என்று ஊருக்கு ஊர் பேசினோம். இந்தியாவில் மதச்சார்பின்மை வேண்டும், டெக்சஸில் கிறிஸ்தவ ஆட்சி வேண்டும் என்றால் நம் இந்து, முஸ்லிம் நண்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஃபிரிஸ்கோ தமிழ்ப் பள்ளியில் எல்லோர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

பிள்ளைகள் என்றதும் என் வகுப்பு. இந்த நாட்டில் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்பவர்கள் 2007-இல் 78%, இப்போது 62% என்கிறது பியூ. மைக்கேல் ஹௌட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2002-லேயே இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: மதம் என்றால் வலதுசாரி அரசியல் என்று ஆகிவிட்டதால், அந்த அரசியல் பிடிக்காதவர்கள் மதத்தையே விட்டுப் போகிறார்கள். என் வகுப்பில் கல்லூரிக்குப் போனவர்களில் யார் யார் இன்னும் ஞாயிறு சபைக்குப் போகிறார்கள் என்பது பெற்றோரான உங்களுக்கே தெரியும். நான் பெயர் சொல்லவில்லை. ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது மட்டும்: "ஆன்ட்டி, அந்த அட்டையில டிக் இல்லாதவங்களுக்கு எங்கப்பா ஓட்டுப் போட்டா, அவர் திருவிருந்து எடுக்கலாமா?"

எனக்கு வேண்டியவை இவை. நவம்பர் அறிவிப்பு முடிவை இந்த மாதமே எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். வேட்பாளர் படமோ பெயரோ மதிப்பெண்ணோ உள்ள எந்தத் தாளும் ஆராதனைத் தாளோடு, சபை வளாகத்தில், சபை வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். எந்தக் கட்சியானாலும், நானே கொண்டுவந்தாலும், இந்த விதி பொருந்தட்டும். மார்ச் அட்டையை யார் தந்தார்கள், அச்சுச் செலவு எந்தக் கணக்கில் போனது என்று பொருளாளர் கணக்கைக் காட்டட்டும். சபைப் பணம் என்றால் தேர்தல் சட்ட வக்கீலின் ஆலோசனையைப் பெற்று, அதைச் சபையாருக்கும் படித்துக் காட்டுங்கள். விசாவில் இருப்பவர்களின் பெயரோ தொலைபேசி எண்ணோ எந்தப் பிரசாரக் குழுவுக்கும் போகவில்லை என்று உறுதி கொடுங்கள். அதிகாரிகள் வாசலுக்கு வந்தால் யார் பேசுவது, எந்த ஆணையைக் கேட்பது என்ற நடைமுறையை ஸ்பானிஷ் சபையாரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

செய்யக் கூடியதும் நிறைய உண்டு. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கலாம். டெக்சஸில் பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 30 நாள் முன்பு என்பது பலருக்குத் தெரியாது. வயதானவர்களை வாக்குச்சாவடிக்கு வண்டியில் அழைத்துப்போகலாம், யாருக்கு என்று கேட்காமல். அந்த வேலைக்கு நான் முதல் ஆளாக வருகிறேன்.

இவற்றைப் பேச, வாக்குரிமை உள்ளவர் இல்லாதவர் எல்லோரையும் அழைத்து, அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன் பொதுக்கூட்டம் கூட்டுங்கள், நடவடிக்கைக் குறிப்பும் எழுதுங்கள். உங்கள் பதில் எழுத்தில் வரட்டும். ஆராதனை முடிந்து காபி மேசைப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி